புத்தகங்கள் மோதும் நாக்-அவுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் நூலகப் பாடவேளையிலும் மாலை நேர வாசிப்பு வட்டங்களிலும் புத்தகப் போட்டி நடத்த நினைக்கும் ஆசிரியர்கள், நூலகர்கள், பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முதல்முறை நடத்துபவர்களுக்கு முதல் 8 கேள்விகள் போதும். மீதியெல்லாம் நடுவில் சிக்கல் வரும்போது தேவைப்படும்.

1. புத்தகப் போட்டின்னா வினாடி வினா மாதிரியா, பேச்சுப் போட்டி மாதிரியா?

இரண்டும் இல்லை. இங்கே மோதுவது புத்தகங்கள், பிள்ளைகள் நடுவர்கள். பொங்கல் கபடி டோர்னமெண்டில் மைதானத்து ஓரம் ஒட்டியிருக்கும் நாக்-அவுட் அட்டவணையைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அணிப் பெயர் இருக்கும் இடத்தில் புத்தகப் பெயரை எழுதினால் அதுதான் இது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு புத்தகம். இரண்டையும் படித்துவிட்டு எது பிடித்தது என்று ஓட்டுப் போடுகிறார்கள். கூடுதல் ஓட்டு வாங்கியது அடுத்த சுற்றுக்குப் போகும், மற்றது வெளியேறும்.

அமெரிக்காவில் மார்ச் மாதம் கல்லூரிக் கூடைப்பந்து நாக்-அவுட் நடக்கும்போது யார் ஜெயிப்பார்கள் என்று அட்டவணையை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டு பார்ப்பது வழக்கம். அந்த அட்டவணையை அங்குள்ள ஆசிரியர்களும் பள்ளி நூலகர்களும் புத்தகங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் படிக்கும் நாவல்களை வைத்தும் 2005 முதல் இணையத்தில் இப்படி ஒரு போட்டி நடக்கிறது.

பிள்ளைகளை அணியாகப் பிரித்துப் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்கும் வேறொரு வகையும் உண்டு. அதில் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற நான்கு பேர் பெயர் வாங்குவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். புத்தகப் பக்கமே வராத பிள்ளையை இழுக்க அது உதவாது. தோற்பது புத்தகமாக இருந்தால்தான் அந்தப் பிள்ளை பயமில்லாமல் உள்ளே வருவான்.

2. எத்தனை புத்தகம் வைக்கலாம்? 32 வெச்சா நல்லா இருக்குமே?

முதல்முறைக்கு 8. நாக்-அவுட்டில் ஆட்டங்களின் எண்ணிக்கை எப்போதும் புத்தக எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. 8 புத்தகத்துக்கு 7 ஆட்டம், 16-க்கு 15, 32-க்கு 31. ஒரு வகுப்பு 31 ஆட்டத்தை முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும். முதல் சுற்றிலேயே 16 ஆட்டம் வருவதால் பிள்ளைகள் அட்டையை மட்டும் பார்த்து ஓட்டுப் போடத் தொடங்குவார்கள்.

8, 16 என்று சரியாக அமையாவிட்டால் சில புத்தகங்களுக்கு முதல் சுற்றில் பை கொடுக்க வேண்டும், அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. அடுத்த இரட்டிப்பு எண்ணிலிருந்து உங்களிடம் உள்ள எண்ணைக் கழித்தால் எத்தனை பை என்று தெரியும். 11 புத்தகம் என்றால் 16-இல் 11 போக 5 பை. மீதி 6 புத்தகங்கள் 3 ஆட்டம் ஆடும். 3 வெற்றியும் 5 பையும் சேர்ந்து கால் இறுதிக்கு 8. கணக்கு சரியாக வந்தாலும் “அந்தப் புத்தகம் மட்டும் ஏன் சும்மா போகுது?” என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். 3 புத்தகத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துவிடுவது சுலபம்.

3. எங்க ஸ்கூல்ல எல்லாமே ஒத்தைப் பிரதிதான். 40 பிள்ளைங்க. எப்படி எல்லாரும் படிக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 16 முதல் 24 பக்கம் வரை உள்ள படக்கதைப் புத்தகமாக இருந்தால் ஒத்தைப் பிரதியே போதும். 40 பேரை 5 பேர் கொண்ட 8 குழுவாகப் பிரியுங்கள். முதல் நாள் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு புத்தகம். மறுநாள் எல்லாப் புத்தகமும் ஒரு குழு தள்ளிப் போகும்: 1-ஆம் குழுவிடம் இருந்தது 2-க்கு, 8-இடம் இருந்தது 1-க்கு. 8 பள்ளி நாளில் எல்லாக் குழுவும் எல்லாப் புத்தகத்தையும் முடித்திருக்கும். ஒரு நாளைக்கு 20 நிமிடம் ஆகும். வராத பிள்ளைகளுக்காகக் கடைசியில் 2 நாள் காலியாக விடுங்கள். ஆக மொத்தம் 10 பள்ளி நாள், அதாவது இரண்டு வாரம்.

இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்று: குழுவில் வேகமாக வாசிக்கும் ஒருத்தி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்வாள், மற்ற நான்கு பேர் கூரையைப் பார்ப்பார்கள். புத்தகம் நடுவில் தரையில் இருக்க வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் வாசிப்பவர் மாற வேண்டும், படத்தைப் பார்த்து முடிக்காமல் பக்கம் திருப்பக்கூடாது. ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தால் இரண்டு பேருக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும். அரைவட்டமாக உட்கார வையுங்கள்.

6-ஆம் வகுப்புக்கு மேல் 60 பக்கப் புத்தகம் என்றால் இந்த முறை ஓடாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஒரு பிள்ளைக்கு 3 நாள் என்றால் 15 பள்ளி நாளில் ஒரு பிரதி 5 கை மாறும். 40 பேரும் ஆளுக்கு 2 புத்தகம் படிக்க 80 வாசிப்பு தேவை. 80-ஐ 5-ஆல் வகுத்தால் 16 பிரதி. அதாவது 4 புத்தகம், ஒவ்வொன்றிலும் 4 பிரதி. பெரிய வகுப்புகளுக்கு 4 புத்தகப் போட்டியே நல்லது என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

4. எந்தப் புத்தகத்தைச் சேர்க்கணும்? லிஸ்ட் ஏதாவது இருக்கா?

ஆயத்தப் பட்டியலை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அலமாரியில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தே வந்திருக்கின்றன. ஒரே நிலையில் 8 எடுத்தால் பாதி வேலை முடிந்தது. வாங்குவதாக இருந்தால் நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளில் மெல்லிய புத்தகங்கள் நிறைய. புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தையும் கடலூரில் மாவட்ட மைய நூலகத்தையும் பட்டியல் போடுவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கிருந்து எடுக்கும் புத்தகத்துக்குத் திருப்பித் தரும் தேதி உண்டு. போட்டி ஐந்து வாரம் ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று விதிகளைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, முதல் சுற்றில் மோதும் இரண்டின் பக்க எண்ணிக்கையும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். 16 பக்கமும் 48 பக்கமும் மோதினால் 48 தோற்கும். காரணம் கதை இல்லை, அதைக் கடைசிவரை படித்தவர்கள் குறைவு. இரண்டு, அட்டவணையின் நான்கு கால் பகுதிகளையும் நான்கு வகைக்கு ஒதுக்குங்கள்: நாட்டுப்புறக் கதை, விலங்கு அல்லது இயற்கை, அறிவியல், இன்றைய பிள்ளைகளின் வீடு, பள்ளி பற்றிய கதை. அரை இறுதிக்கு வகைக்கு ஒன்று நிச்சயம் வரும். மூன்று, 8-இல் 2 இடம் பிள்ளைகள் முன்மொழிவதற்கு. அவர்கள் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை.

சேர்க்கும் எல்லாப் புத்தகத்தையும் நடத்துபவர் முதலில் படித்திருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி நீதி சொல்லும் புத்தகங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். அவை நான்கு சேர்ந்தால் பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு பாடம் என்று தோன்றிவிடும்.

5. எதுக்கு எதிரா எதுன்னு யார் முடிவு பண்றது?

குலுக்கல்தான் நல்லது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லும் குடவோலை முறையைப் பாடத்தில் படித்திருப்பார்கள். பெயரெழுதிய சீட்டுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, வகுப்பிலேயே சின்னப் பிள்ளையைவிட்டு எடுக்கச் சொன்னால் “டீச்சர் வேணும்னே கோத்துவிட்டாங்க” என்ற பேச்சு எழாது. நான்கு வகை வைத்திருந்தால் வகைக்கு ஒரு குடம், அதில் இரண்டு சீட்டு என்று ஆகிவிடும். அப்போது வகைக்குள்ளே குலுக்குவதற்கு எதுவும் இல்லை. எந்தக் கால் பகுதி எதனோடு அரை இறுதியில் சந்திக்கும் என்பதை மட்டும் குலுக்குங்கள்.

16 புத்தகப் போட்டியில் மட்டும் தரவரிசை பயன்படும். இரவல் பதிவேட்டில் கடந்த ஆண்டு அதிகம் வெளியே போன புத்தகம் 1, அடுத்தது 2 என்று வரிசைப்படுத்தி, 1-ஐ 16-உடனும் 2-ஐ 15-உடனும் மோதவிடுவது. பிரபலமான இரண்டும் முதல் நாளே ஒன்றையொன்று வெளியேற்றாமல் இருக்க இது ஒரு வழி. 16-ஆம் இடத்துப் புத்தகம் முதலிடத்தைக் கவிழ்த்துவிட்டால் வகுப்பில் எழும் கூச்சலும் ஒரு காரணம்.

6. அட்டவணையை எப்படிப் போடறது?

முழு சார்ட் அட்டை ஒன்று, படுக்கை வசத்தில். இடப்பக்கம் 4 புத்தகம், வலப்பக்கம் 4, நடுவில் இறுதிக்கான கட்டம். பெயரை நேரடியாக எழுதாமல் அட்டைப்படத்தின் சிறு ஜெராக்ஸை ஒட்டுங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் அப்போது அட்டவணையைப் படிப்பான். ஜெயித்த புத்தகத்துக்கு இன்னொரு ஜெராக்ஸ் அடுத்த கட்டத்தில் வரும். ஆகவே புத்தகத்துக்கு 3 நகல் முன்கூட்டியே எடுத்து வையுங்கள், வெற்றி பெறும் புத்தகத்துக்கு மட்டும் 4-ஆவது தேவைப்படும். பிள்ளைகளின் கண் உயரத்தில், வகுப்புக்கு வெளியே ஒட்டுங்கள். பக்கத்து வகுப்பு வந்து எட்டிப் பார்ப்பதுதான் உங்களுக்கு விளம்பரம்.

7. எந்த மாசம் நடத்தலாம்? குழந்தைகள் தினத்துக்கு வெச்சுக்கலாமா?

நவம்பர் 14-ஐ இறுதி ஆட்டத்துக்கு வைக்க எல்லாருக்கும் ஆசை. நம் கடற்கரைக்கு அது ஒத்துவராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை லீவு இரண்டு வாரம் விட்டால் கால் இறுதியில் யார் யார் ஆடினார்கள் என்றே பிள்ளைகளுக்கு மறந்துவிடும். 2024-இல் பெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பள்ளிக்கூடங்கள் என்ன நிலையில் இருந்தன என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். இரவல் கொடுத்த புத்தகங்கள் நனைவதும் அந்த மாதங்களில்தான்.

கடலூர்ப் பக்கம் நல்ல காலம் ஜூலை இரண்டாவது வாரம் தொடங்கி ஐந்து வாரம். முதல் இரண்டு வாரம் வாசிப்பு (3-ஆம் கேள்வியில் சொன்ன சுழற்சி), மூன்றாவது வாரம் நாளுக்கொரு கால் இறுதி, நான்காவது வாரம் இரண்டு அரை இறுதி, ஐந்தாவது வாரம் இறுதி. சரியாகத் திட்டமிட்டால் ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினத்தன்று முடிக்கலாம். அது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளை ஒட்டிக் கொண்டாடப்படுவது. காலாண்டுத் தேர்வுக்கும் இடைவெளி இருக்கும்.

இரண்டாவது வாய்ப்பு பொங்கல் விடுமுறை முடிந்ததும். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்ற கடலோரப் பக்கமெல்லாம் மாசி மகத்தன்று வகுப்பில் ஆள் இருக்காது. அந்த வாரம் ஆட்டம் வைக்காதீர்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டதால் அவர்களுடைய தேர்வு அட்டவணையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. ஓட்டு எப்படிப் போடறது? கை தூக்கச் சொன்னா போதாதா?

போதாது. கை தூக்கினால் முதல் வரிசையைப் பார்த்து இரண்டாவது வரிசை தூக்கும். ரகசிய ஓட்டுதான் வேண்டும். ஒரே மாதிரி இரண்டு டப்பா, ஒவ்வொன்றின் மேலும் அட்டைப்பட ஜெராக்ஸ், பீரோ கதவைத் திறந்து அதன் மறைவில் ஒரு பெஞ்சு. பிள்ளைக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்த டப்பாவில் போட்டுவிட்டு வர வேண்டும். வெளியே வரும்போது இடக்கை ஆள்காட்டி விரலில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. அந்தக் கோட்டை வீட்டில் காட்டுவதற்காகவே படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆளுக்கு 15 நொடி என்றால் 40 பேருக்கு 10 நிமிடம்.

தகர டப்பாவானால் கொட்டை விழும் சத்தம் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும். அடியில் துணி போடுங்கள். பண்ருட்டிப் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று ஓட்டோடு உள்ள பச்சை முந்திரிக்கொட்டையை எடுக்க வேண்டாம், அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்புளித்துவிடும். அங்கன்வாடி வயதுப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குக் காகிதத் துண்டு. எண்ணுவது எல்லார் முன்னிலையிலும், ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு.

9. படிக்காமலே ஓட்டுப் போடறாங்க. சின்னதா ஒரு டெஸ்ட் வைக்கலாமா?

வேண்டாம். டெஸ்ட் வைத்த அன்றே இது தேர்வாகிவிடும், 1-இல் சொன்ன காரணம் அடிபட்டுப்போகும். “இரண்டையும் படித்தவருக்கே ஓட்டு” என்ற விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அதை நிறைவேற்ற ஒரு வாசிப்புச் சீட்டு: 8 கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகப் பெயர், படித்ததும் கூட உட்கார்ந்தவர் கையெழுத்து. ஓட்டுச்சாவடி வாசலில் நிற்கும் பிள்ளை சீட்டைப் பார்த்துவிட்டுப் புளியங்கொட்டை கொடுப்பான்.

சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கேள்வி: “எந்தப் பக்கத்தை மறுபடி பார்க்கணும்னு தோணுது?” படித்த பிள்ளை புரட்டிக் காட்டும். படிக்காத பிள்ளை முழிக்கும். அப்படி முழித்தால் திட்ட வேண்டாம், புத்தகத்தைக் கையில் கொடுத்து “மதியம் வந்து ஓட்டுப் போடு” என்று சொல்லுங்கள். மாலை வரை டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்தால் போதும்.

10. 20-க்கு 20 வந்துட்டா?

ஓட்டுப் போடும் பிள்ளைகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் வராது. இரட்டைப்படையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். விதியை முதல் நாளே சார்ட்டின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். நல்ல விதி: இரண்டு புத்தகத்திலிருந்தும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ஒரு பக்கத்தை உரக்க வாசித்துவிட்டு மறுநாள் மறு ஓட்டு. அதிலும் சமம் என்றால் இரவல் பதிவேட்டில் குறைவாக வெளியே போயிருக்கும் புத்தகம் முன்னேறும். ஆசிரியர் ஓட்டுப் போட்டு முடிவு சொல்வது மட்டும் கூடாது. இரண்டையும் மேலே அனுப்பினாலும் அட்டவணை உடைந்துவிடும்.

11. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைங்களை என்ன பண்றது? அவங்க ஓட்டு செல்லுமா?

முழுசாகச் செல்லும். கேட்டதும் படித்ததுதான் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். குழுவில் அடுத்தவர் வாசிக்கக் கேட்டாலும், ஆசிரியர் வாசிக்கக் கேட்டாலும் சீட்டில் கையெழுத்து உண்டு. அந்தப் பிள்ளையின் முறை வரும்போது ஒரு வரி போதும். பக்கத்தில் இருப்பவள் மெதுவாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொல்லலாம். எல்லார் முன்னிலையிலும் தனியாக நிற்கவைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள்.

ஓட்டுக்கு முன் மறுவாசிப்பு நடக்கும்போது கவனியுங்கள். கேட்டுத் தெரிந்த கதையை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்து விரல் வைத்துப் பார்ப்பார்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால் சொல்லை ஊகிக்க முடிகிறது. ஒரே புத்தகம் கால் இறுதி, அரை இறுதி, இறுதி என்று மூன்று முறை கைக்கு வருவதில் உள்ள பெரிய லாபம் இதுதான். பார்வைக் குறை உள்ள பிள்ளைக்கு ஒருவர் கூட உட்கார்ந்து படத்தையும் வாயால் சொல்ல வேண்டும்.

12. எப்பவும் பேய்க்கதையும் காமெடியும்தான் ஜெயிக்குது. நல்ல புத்தகம் தோத்துப்போகுதே?

ஜெயிக்கட்டும். பிள்ளைகள் எதை விரும்புகிறார்கள் என்று இலவசமாகத் தெரிந்துகொண்டீர்கள். அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது பயன்படும். 4-ஆம் கேள்வியில் சொன்ன கால் பகுதிப் பிரிவு இருந்தால் பேய்க்கதை தன் வகைக்குள் ஒன்றைத்தான் வெளியேற்ற முடியும். ஆசிரியர் முகம் சுளித்தால் அடுத்த சுற்றில் பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்ததற்கு ஓட்டுப் போடுவார்கள், அதற்குப் பிறகு இந்தப் போட்டிக்கே அர்த்தமில்லை.

13. கிளாஸ் லீடர் எதுக்குச் சொல்றானோ அதுக்கே எல்லாரும் போடறாங்க.

ரகசிய ஓட்டு (8) இதைப் பாதி சரிசெய்யும். மீதிக்குப் பிரசார விதி வேண்டும். புத்தகத்துக்கு ஒருவர், ஒரு நிமிடம், புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசித்தே ஆக வேண்டும், முடிவைச் சொல்லக்கூடாது, எதிர்ப் புத்தகத்தைக் குறை சொல்லக்கூடாது. பேசுபவரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். வாய் உள்ளவனே எப்போதும் பேசினால் ஓட்டு அவனுக்கு விழும், புத்தகத்துக்கு விழாது.

அரை இறுதியில் ஒரு திருப்பம் வைக்கலாம்: கால் இறுதியில் ஒரு புத்தகத்துக்காகப் பேசியவர் இப்போது அதன் எதிரிக்காகப் பேச வேண்டும். பிடிக்காத புத்தகத்தில் நல்லதைத் தேடி மறுபடி படிப்பார்கள். 5-ஆம் வகுப்புக்குக் கீழே இதைச் செய்ய வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும்.

14. அவனுக்குப் பிடிச்ச புத்தகம் தோத்ததும் அழறான் சார். இதெல்லாம் தேவையா?

ஒரு புத்தகத்துக்காகப் பிள்ளை அழுகிறான் என்றால் போட்டி வேலை செய்கிறது. ஆனால் அப்படியே விடக்கூடாது. அட்டவணைக்குப் பக்கத்தில் தோற்ற புத்தகங்களுக்கு ஒரு தட்டு வையுங்கள், அன்றே இரவல் எடுக்கலாம் என்ற அனுமதியோடு. முதலில் எடுக்கும் உரிமை அதற்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்று ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று சொல்கிறது. 14 ஓட்டு வாங்கித் தோற்ற புத்தகத்துக்கு 14 வாசகர்கள் கண்முன்னே இருக்கிறார்கள்.

16 புத்தகப் போட்டியில் மறுவாய்ப்பு ஒன்றும் தரலாம்: முதல் சுற்றில் தோற்ற 8-இல் ஒன்றைப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு மீட்டெடுத்து, கால் இறுதியில் ஜெயித்த 4-இல் குலுக்கலில் வந்த ஒன்றோடு ஓர் ஆட்டம் ஆடவிடுவது. 8 புத்தகப் போட்டிக்கு இது அதிகம்.

15. ஜெயிச்சவங்களுக்கு என்ன பரிசு? அதிகம் படிச்சவங்களுக்கு கப் கொடுக்கலாமா?

ஜெயித்தது புத்தகம். அதற்கு மாலை போட்டு அலமாரி உச்சியில் வையுங்கள், காசு இருந்தால் இன்னும் இரண்டு பிரதி வாங்குங்கள். பிள்ளைக்குக் கப், பேனா, டிபன் பாக்ஸ் எதுவும் வேண்டாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் “வரைந்தால் சான்றிதழ்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு கவனித்தபோது அந்தப் பிள்ளைகள்தான் தாங்களாக வரையும் நேரம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கும் எதுவும் பெறாதவர்களுக்கும் அப்படிக் குறையவில்லை. எண்ணிக்கைக்குக் கப் கொடுத்தால் மெல்லிய புத்தகமாகப் பார்த்துப் புரட்டுவார்கள் என்பது அதைவிட நேரடியான ஆபத்து.

முன்கூட்டியே அட்டவணையை நிரப்பி ஊகிப்பது பெரிய பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கால் இறுதியில் சரியான ஊகத்துக்கு 1 புள்ளி, அரை இறுதிக்கு 2, இறுதிக்கு 4 என்று வைத்தால் மொத்தம் 12. சுவரில் ஒட்டிச் சிரித்துவிட்டுப் போகலாம், அதற்கும் பரிசு வேண்டாம். தன் ஊகம் பலிக்க வேண்டும் என்று பிடிக்காததற்கு ஓட்டுப் போடும் பிள்ளைகள் இருப்பார்கள். அது தெரிந்தால் அடுத்த முறை நிறுத்திவிடுங்கள்.

16. கடைசியில ஜெயிச்சதுதான் எல்லாருக்கும் பிடிச்ச புத்தகம்னு சொல்ல முடியுமா?

முடியாது. 30 பிள்ளைகள், மூன்று புத்தகம் என்று வைத்துக்கொள்வோம்: ஆமை, நிலா, ரயில். 10 பேருக்குப் பிடித்த வரிசை ஆமை, நிலா, ரயில். அடுத்த 10 பேருக்கு நிலா, ரயில், ஆமை. மீதி 10 பேருக்கு ரயில், ஆமை, நிலா. ஆமையும் நிலாவும் மோதினால் 20-10 ஆமை. நிலாவும் ரயிலும் மோதினால் 20-10 நிலா. அப்படியானால் ஆமை ரயிலை ஜெயிக்கும் என்று தோன்றும்; மோதவிட்டால் 20-10 ரயில். எது கடைசியாக வந்து சேருகிறதோ அது கோப்பை வாங்கும். கொந்தோர்சே என்ற பிரெஞ்சு அறிஞர் 1785-இல் எழுதிய முரண் இது. புதுச்சேரிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு சாக்கு.

8-ஆம் வகுப்புக்கு மேல் இதைக் கணக்கு வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். இறுதி முடிந்த மறுநாள் 8 புத்தகத்தையும் பிடித்த வரிசையில் எழுதச் சொல்லி, முதலிடத்துக்கு 8 புள்ளி, கடைசிக்கு 1 என்று கூட்டினால் வேறொரு புத்தகம் முதலில் வரக்கூடும். சின்ன வகுப்புகளில் இதைப் பேச வேண்டாம். அவர்களுக்கு ஜெயித்தது ஜெயித்ததுதான்.

17. எங்க தெருவுல ஏழு பிள்ளைங்கதான். அதுவும் வயசு கலந்து. இது சரிப்படுமா?

ஏழு பேர் என்றால் ஓட்டைவிட நடுவர் முறை சுவையாக இருக்கும். 8 புத்தகம், 7 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு பிள்ளை நடுவர். அவர் இரண்டையும் படித்துத் தீர்ப்பையும் காரணத்தையும் மூன்று வரியில் எழுதிச் சனிக்கிழமை மாலை எல்லார் முன்னும் வாசிக்க வேண்டும். எழுத வராத சின்னவன் சொல்ல, அக்காவோ அண்ணனோ எழுதலாம். இறுதிக்கு மட்டும் எல்லாரும் ஓட்டுப் போடலாம். 7 ஒற்றைப்படை என்பதால் சமநிலை வராது. வயது கலந்திருந்தால் சின்னவருக்கு ஏற்ற புத்தகங்களையே எடுங்கள். பெரியவர்கள் படக்கதை படிக்கக் கூச்சப்படுவார்கள். வாசித்துக் காட்டும் வேலையைக் கொடுத்தால் கூச்சம் போய்விடும்.

18. புத்தகத்தை ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டா எல்லாரும் படிச்சிடுவாங்களே? ஓட்டும் அதிலேயே வெச்சிடலாமே?

விலைக்கு விற்கும் புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்து பரப்பக்கூடாது, அது பதிப்புரிமை மீறல். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றை இறக்கலாம், அச்சிடலாம், பகிரலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை நீக்காமல் இருந்தால் போதும். அச்சிட்டு நடுவில் ஸ்டேப்ளர் அடித்த பிரதிகள் ஒத்தைப் பிரதிப் பிரச்சினைக்கும் (3) நல்ல தீர்வு.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு தெரியும். போனும் அம்மா அப்பாவுடையது, ஓட்டும் அவர்களுடையதாகிவிடும். டப்பாவும் புளியங்கொட்டையுமே மேல்.

19. பக்கத்து ஸ்கூலையும் சேர்த்து நடத்தலாமா?

ஒருமுறை உங்கள் பள்ளியில் நடத்தி முடித்த பிறகு. சிக்கல் எண்ணிக்கையில் வரும். ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள், இன்னொன்றில் 300 என்றால் ஓட்டுகளைக் கூட்டினால் 40 பேருக்கு மதிப்பே இல்லை. ஆட்டத்துக்குப் பள்ளிக்கு ஒரு வாக்கு என்று வைத்து, மூன்று அல்லது ஐந்து பள்ளிகளைச் சேருங்கள். எல்லாப் பள்ளியிலும் அதே 8 புத்தகம் இருக்க வேண்டும். எல்லாப் பள்ளியும் எல்லைக்கு ஒரே பக்கத்தில், ஒரே தேர்வு அட்டவணையில் இருப்பது நல்லது. கடலூர்-புதுச்சேரி எல்லையில் உள்ள கன்னியக்கோவிலுக்கு இந்தப் பக்கம் ஒரு தேர்வு நாள், அந்தப் பக்கம் வேறு தேர்வு நாள்.

20. இவ்வளவு பண்ணியும் பிள்ளைங்க நிஜமா படிக்க ஆரம்பிச்சாங்களான்னு எப்படித் தெரியும்?

போட்டி நடக்கும்போது எடுக்கும் கணக்கு எதையும் காட்டாது, அப்போது எல்லாரும் படிப்பார்கள். தொடங்குவதற்கு முந்தைய 4 வாரத்தில் எத்தனை புத்தகம் இரவல் போனது, இறுதி முடிந்த பிந்தைய 4 வாரத்தில் எத்தனை போனது என்று பதிவேட்டைப் பாருங்கள். அதில் மூன்றைத் தனியாக எண்ணுங்கள்: போட்டியில் இல்லாத புத்தகங்கள் எத்தனை, தோற்ற 7-இல் எத்தனை, முன்பு ஒருமுறைகூட எடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர். மூன்றாவது எண் ஏறியிருந்தால் போட்டி பலித்தது. ஜெயித்த புத்தகம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அலமாரியில் அதைப் போன்ற வேறு புத்தகம் இல்லை என்று பொருள்; அந்த வகையில் நான்கு சேருங்கள்.

இறுதி முடிந்து இரண்டாவது வாரமே பழைய எண்ணிக்கைக்கு வந்துவிட்டால் உடனே அடுத்த போட்டியை அறிவிக்காதீர்கள். ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் நடத்தினால் பழசாகிவிடும். முதலில் அலமாரியைப் பாருங்கள். போட்டி முடிந்ததும் புத்தகங்களைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார்கள். சாவி மதிய இடைவேளையில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்; தலைமையாசிரியர் அறையில் என்றால் அதை இரண்டு பிள்ளைகளிடம் முறைவைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.